ஒன்றைத் தாண்டிய சைன்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. போன தடவை போனை முதலில் வைத்தது நீயா நானா என்பதிலேயே இன்னும் தீர்ப்பு வரவில்லை. அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயம் உன் மருமகளைப் பற்றியது. எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசுகிறாள் என்று நீதானே அவளுக்கு வக்கீலம்மா என்று பேர் வைத்தாய்? வைத்த பேருக்குக் குறைவில்லாமல் வளர்ந்துவிட்டாள். என்னைப் பள்ளிக்கூடத்தில் தலைகுனிய வைத்துவிட்டாள்.

மண்டலத்தில் இருக்கிற எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே வினாத்தாளாக வைத்தார்களே, அந்தப் பொதுத் தேர்வில் கணக்குத் தாளில் ஒரு கேள்வி. அவளைச் சொல்லச் சொல்லி எழுதுகிறேன், தப்பிருந்தால் சிரிக்காதே. "A ஒரு குறுங்கோணம். சைன் A = 5/4 எனில் கொசைன் A, டேன் A ஆகியவற்றின் மதிப்பைக் காண்க." மற்ற பிள்ளைகள் முக்கோணம் போட்டு ஒழுங்காக விடை எழுதியிருக்கிறார்கள். இவள் மட்டும், "இப்படி ஒரு குறுங்கோணம் கிடையாது. கேள்வி தப்பு" என்று எழுதியிருக்கிறாள். அதோடு விட்டாளா? "கேள்வி போட்டவர் ஒரு தடவை படம் வரைந்து பார்த்திருக்கலாம்" என்று கீழே ஒரு வரி வேறு.

திருத்தியவர் பெரிய சுழியாகப் போட்டு, பக்கத்தில் 'திமிர்' என்று எழுதி, தாளைத் தலைமையாசிரியை மேசைக்கே அனுப்பிவிட்டார். எனக்கு வேலை நேரத்தில் போன் வந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இயந்திரத்திலிருந்து போர்வைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடினேன். மேலங்கியெல்லாம் ஈரம், கையெல்லாம் பிளீச்சிங் நாற்றம். உட்காரச் சொன்னார்கள். நாற்காலி நனைந்துவிடும் என்று நின்றுகொண்டே இருந்தேன். "வீட்ல பெரியவங்களுக்கு மரியாதை குடுக்கச் சொல்லித் தரதில்லையாம்மா?" என்று அந்த அம்மா கேட்டபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கடிதம் படிக்க வேண்டுமாம். படிக்காவிட்டால் வருகிற ஆண்டு கணிதப் பிரிவில் இடம் கிடையாதாம். கணிதப் பிரிவு இல்லையென்றால் அவளுக்குச் சோறு இறங்காது என்று உனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அவளை அடித்துவிட்டேன் அண்ணா. கன்னத்தில். இவர் லாரியோடு வெளியூர் போயிருக்கிறார், இருந்திருந்தால் என் கையைப் பிடித்திருப்பார். அவள் அழவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு, "மாமாகிட்ட கேளும்மா. மாமா நான் பண்ணது தப்புன்னு சொன்னா நான் படிக்கிறேன்" என்றாள்.

அதனால் கேட்கிறேன். எனக்குச் சைனும் தெரியாது, அதன் சித்தப்பாவும் தெரியாது. நீ கணக்கு வாத்தியார். பெரியவர்கள் போட்ட கேள்வியைத் தப்பென்று சொல்வதற்கு முன்னால் யோசிக்க வேண்டும் என்று அவளுக்குப் புரிகிற மாதிரி நாலு வரி எழுது.

உன்
சின்னவள்


பிப்ரவரி 16

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்து சில நாட்கள் ஆகின்றன. இங்கே விடைத்தாள் வேலை கழுத்தை நெரிக்கிறது. ஆசிரியர் அறையில் மின்விசிறியைப் போட்டால் தாள்கள் பறக்கின்றன, நிறுத்தினால் நாங்கள் வேகிறோம். யார் தேநீர்க் குவளை யார் கட்டின் மேல் நிற்கிறது என்பதில் தினமும் ஒரு தகராறு.

நம் வக்கீலம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். பொதுத் தேர்வு என்பது பெரிய ஏற்பாடு. ஒரு கேள்வி பல கை மாறித்தான் மாணவர் முன்னால் வருகிறது. அங்கங்கே ஏதாவது நேர்வதும் உண்டு, நேராமலிருப்பதும் உண்டு. மாணவர் செய்ய வேண்டியது, கொடுத்த கேள்விக்குத் தன்னால் முடிந்த விடையை எழுதிவிட்டு, ஐயமிருந்தால் பணிவாகக் குறிப்பிடுவது. "படம் வரைந்து பார்த்திருக்கலாம்" என்பதெல்லாம் தேவையில்லாத வரி. அந்த வரிக்காக வருத்தம் தெரிவிப்பதில் தவறொன்றும் இல்லை.

ஆகவே கடிதத்தை எழுதிப் படிக்கச் சொல். நான்கு வாக்கியம் போதும். அதனால் அவள் ஒன்றும் தேய்ந்துவிட மாட்டாள். கணிதப் பிரிவில் இடம் முக்கியம், அதை விட்டுவிடக் கூடாது. மாமா சொன்னதாகச் சொல்.

அடிக்காதே. உன் கை எப்போதுமே வாயை முந்திக்கொள்ளும்.

உனக்கு மட்டும் ஒரு செய்தி. நான் சில காலமாக மண்டல வினாத்தாள் குழுவில் இருக்கிறேன். அதை வெளியே சொல்லக் கூடாது என்பதால் உன்னிடமும் சொன்னதில்லை. இப்போது அடுத்த தலைவராக என் பெயர் அடிபடுகிறது. ஆணை கைக்கு வரும்வரை மூச்சு விடாதே. உன் அண்ணி அதற்குள் வரவேற்பறைக்குப் புதுத் திரைச்சீலை தைக்கக் கொடுத்துவிட்டாள்.

அன்புடன்
அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணா,

உன் கடிதத்தை இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சத்தமாகப் படித்தேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடித்ததும், "கேள்வி தப்புன்னு மாமா சொல்லலையே. சரின்னும் சொல்லலையே" என்றாள். "மாமா படிக்கச் சொல்லிட்டாரு இல்ல? வாதாடாம எழுது" என்று அதட்டினேன். எழுதினாள். நான் பக்கத்தில் நின்று, 'திமிராக நடந்துகொண்டேன்' என்ற வார்த்தையையும் சேர்க்கச் சொன்னேன். தலைமையாசிரியைக்கு மனம் குளிரட்டும் என்று நானாகச் சேர்த்தது அது.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் படித்தாளாம். வீட்டுக்கு வந்து எதுவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்தான் சொன்னாள். 'திமிராக' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டதாம். "சத்தமா, சத்தமா" என்று பின்னாலிருந்து கத்தினார்களாம். முதலிலிருந்து மறுபடி படிக்க வைத்தார்களாம். இப்போது வகுப்பில் அவளுக்கு 'இல்லாத கோணம்' என்று பேர்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

நேற்று வீட்டுச் சாவியைக் கொடுக்கச் சலவைக்கூடத்துக்கு வந்தாள். நான் ஏணியைச் சுவரில் சாய்த்து, மேல் தட்டில் தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மனசு கேட்காமல், "அப்படி என்னடி அந்தக் கேள்வியில தப்பு? எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்" என்றேன். அவள் ஏணியைக் காட்டினாள்.

"ஏணி தரையோட ஒரு கோணத்துல சாஞ்சிருக்கில்ல? சுவர்ல அது எட்டற உயரத்தை ஏணியோட நீளத்தால வகுத்தா அதுதான்மா சைன். நாலடி ஏணியைச் சாச்சு வச்சா அஞ்சடி உயரத்தை எட்டுமா?"

"அதெப்படிடி எட்டும்? நிமித்தி வச்சாலே நாலடிதானே?"

"நிமித்திட்டா நாலுக்கு நாலு, ஒண்ணு. ஆனா அப்ப அது சாஞ்சே இல்ல, குறுங்கோணமும் இல்ல. சாஞ்சிருக்கற வரைக்கும் ஒண்ணை விடக் கம்மிதான். எவ்வளவு படுக்கப் போட்டாலும், மேல் முனை தரையைத் தொடாத வரைக்கும் பூஜ்யத்தை விட அதிகம். ரெண்டுக்கும் நடுவுலதான் சைன் இருக்க முடியும். கொசைனும் அப்படித்தான், அது தரைப் பக்கத்தை ஏணியால வகுக்கறது. அஞ்சு பை நாலுன்னா ஒண்ணேகால். ஏணியை விட உயரம் பெருசுன்னு அர்த்தம்."

"அப்ப டேன்?"

"அது உயரத்தைத் தரைத் தூரத்தால வகுக்கறது. ஏணி சுவரோட ஒட்ட ஒட்ட அது ஏறிக்கிட்டே போகும்மா, அதுக்கு வரம்பே கிடையாது. நீ கத்தற மாதிரி."

சிரித்துவிட்டேன் அண்ணா. சிரித்துக்கொண்டே ஏணியில் உட்கார்ந்துவிட்டேன். எழுத்துக்கூட்டிக் கணக்குப் படித்த எனக்கே ஒரு ஏணியைப் பார்த்துப் புரிகிறது. இதைச் சொன்னதற்கா அடித்தேன்? இதைச் சொன்னதற்கா 'திமிர்' என்று எழுத வைத்தேன்? அவள் முகத்தைப் பார்க்க எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "அப்ப நீ சொன்னதுதானேடி சரி?" என்றேன். "தெரியலம்மா. விடு. நான் வணிகப் பிரிவுக்குப் பேர் குடுத்துட்டேன். கணக்கு வேணாம்" என்று சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு ஒரே ஒரு வார்த்தை வேண்டும். சுற்றி வளைக்காமல் எழுது. கேள்வி தப்பா, சரியா? நீ அந்தக் குழுவிலேயே இருக்கிறாய். அதைப் போட்ட மகானுபாவன் யாரென்று விசாரித்துச் சொல். சலவைக்கூடத்துக்குக் கூட்டிவந்து அந்த ஏணியைக் காட்டுகிறேன்.

சின்னவள்


மார்ச் 2

சின்னவளுக்கு,

தப்பு. கேள்வியைப் போட்டவன் நான்.

இந்த வரியை எழுதிவிட்டு வெளியே போய்த் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

நான் முதலில் எழுதியது 'கோசீகண்ட் A = 5/4' என்று. அது சைனைத் தலைகீழாகப் போட்டது. உன் ஏணியில் சொன்னால் ஏணியை உயரத்தால் வகுப்பது. குறுங்கோணத்துக்கு அது எப்போதும் ஒன்றை விடப் பெரியது, ஆகவே கேள்வி சரியாக இருந்தது. குழுக் கூட்டத்தில், சில பள்ளிகளில் அந்தப் பாடம் இன்னும் முடியவில்லை, சைனாக மாற்றிவிடுங்கள் என்றார்கள். மாற்றினேன். வார்த்தையை மட்டும் மாற்றினேன். எண்ணைத் திருப்பிப் போட மறந்துவிட்டேன்.

விடைக்குறிப்பையும் நானே எழுதினேன். மூன்று, நான்கு, ஐந்து என்பது எங்களுக்கெல்லாம் பல்லவி மாதிரி வாயில் வந்துவிடும் முக்கோணம். ஐந்தும் நான்கும் இருந்தால் மூன்றாவது பக்கம் மூன்று என்று கை தானாக எழுதிவிட்டது. படத்தில் கர்ணம் நான்கு, எதிர்ப்பக்கம் ஐந்து. செங்கோண முக்கோணத்தில் மற்றப் பக்கங்களை விடக் கர்ணம்தான் நீளம் என்று வருடா வருடம் கரும்பலகையில் தட்டித் தட்டிச் சொல்கிறவன் அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகளும் அதே பழக்கத்தில் அதே மூன்றைப் போட்டுவிட்டார்கள். குறிப்போடு ஒத்துப்போனது, மதிப்பெண்ணும் கிடைத்தது.

இதுவரை சொன்னது பிழை. யாருக்கும் நேரும் என்று சொல்லிவிடலாம். இனிச் சொல்வதை அப்படிச் சொல்ல முடியாது.

தேர்வு நடந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பள்ளியில் மேற்பார்வைக்கு நின்றேன். ஒரு பையன் படம் வரைவதும் அழிப்பதுமாக இருந்தான், தாள் கிழிந்தே போயிற்று. என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். நான்கை விட ஐந்தைச் சின்னதாக வரைய முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான். அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டேன்.

எல்லாரும் குறிப்புப்படி எழுதினால் எல்லாருக்கும் மதிப்பெண் வந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை என்று சொல்லிக்கொண்டேன். தலைவர் பதவிக்குப் பெயர் போயிருக்கிற நேரம் என்றும் சொல்லிக்கொண்டேன். பிறகு உன் கடிதம் வந்தது. நஷ்டப்பட்ட ஒருத்தி என் தங்கை மகள்.

அப்போதும், 'பணிவு' என்று உனக்கு ஒரு பிரசங்கம் எழுதினேன். அதை எழுதும்போது என் கை நடுங்கவில்லை, சின்னவளே. நல்ல மையில், நல்ல கையெழுத்தில் எழுதினேன். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்பது அதற்காகத்தான்.

ஒன்று கேட்கிறேன். அவளிடம் சொல்லாதே. வேண்டியவர்களிடம் சொல்லி அவள் தாளை மட்டும் மறுபடி பார்க்க வைக்கிறேன். இடமும் கிடைத்துவிடும். சத்தமில்லாமல் முடித்துவிடலாம்.

அண்ணன்


மார்ச் 6

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

அவளிடம் நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டதற்காக இல்லை. நம் குடும்பத்தில் கணக்கு தெரிந்த ஒரே மனிதர் மாமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதை உடைக்கிற வேலையை நான் ஏன் செய்ய வேண்டும்? அது உங்கள் வேலை.

சத்தமில்லாமல் முடிக்கலாம் என்கிறீர்கள். அவளைச் "சத்தமா, சத்தமா" என்று சொல்லித்தான் படிக்க வைத்தார்கள்.

என்னையும் நான் விட்டுவிடவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அடித்ததற்கும் கேட்டேன், அந்த வார்த்தையைச் சேர்க்க வைத்ததற்கும் கேட்டேன். "சரி" என்றாள். முனையோடு முனை சேர்த்து மடித்து, அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். உங்களுக்கு ஒளிந்துகொள்ளக் குழு இருக்கிறது. நான் தினமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

வேண்டியவர்களிடம் சொல்லி வாங்கிக் கொடுக்கிற மதிப்பெண் எங்களுக்கு வேண்டாம். அவள் சொன்னது சரி என்று, அவளைத் தப்பென்று சொன்ன இடத்திலேயே சொல்ல வேண்டும். பிரிவை மாற்றிக்கொள்ள இந்த மாதக் கடைசி வரைதான் இடமிருக்கிறது.

அண்ணிக்கு என் வணக்கம். திரைச்சீலை நன்றாக வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு
அந்த மாணவியின் தாய்


மார்ச் 18

சின்னவளுக்கு,

நீ என்னை 'நீங்கள்' என்று எழுதியதை உன் அண்ணியிடம் காட்டினேன். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் கடிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தாள். "நாளைக்கே போய்ச் சொல்லிட்டு வாங்க. இல்லன்னா இந்த வீட்ல என்கிட்டயும் பேசாதீங்க" என்றாள்.

போனேன். குழுத் தலைவர் என்னை உட்கார வைத்துத் தேநீர் சொன்னார். நான் சொல்லி முடித்ததும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எதுக்கு சார் இப்பக் கிளர்றீங்க? எல்லாப் பசங்களுக்கும் மார்க் போட்டாச்சு. யாரும் புகார் குடுக்கல. அடுத்த மாசம் நீங்க இந்த நாற்காலியில உக்காரப் போறீங்க." ஒருத்தி புகார் கொடுத்தாள், அவள் விடைத்தாளிலேயே எழுதிக் கொடுத்தாள் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. கேள்வி நீக்கப்படுகிறது, அதை முயன்ற எல்லாருக்கும் முழு மதிப்பெண் என்று. காரணம்: தட்டச்சுப் பிழை.

படித்ததும் நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, மானமும் போகவில்லை என்று அன்று நன்றாகத் தூங்கினேன். காலையில் மண்டல அலுவலகத் தட்டச்சர் ஆசிரியர் அறை வாசலில் நின்றிருந்தார். ஓய்வு பெறப்போகிற வயது, என்னை விட மூத்தவர். கையில் விளக்கம் கேட்டு வந்த கடிதம். "சார், நீங்க எழுதிக் குடுத்ததைத்தானே நான் அடிச்சேன்? நான் எதை மாத்தினேன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்" என்றார். அறையில் எல்லாரும் தேநீரைக் கீழே வைத்துவிட்டார்கள். நான் அவர் முன்னால் எப்படி நின்றேன் என்று எழுத என்னால் முடியவில்லை. நீ ஈர மேலங்கியோடு நின்றாயே, அதை நினைத்துக்கொண்டேன்.

மறுபடி போனேன். இந்த முறை தேநீர் வரவில்லை. எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டாவது சுற்றறிக்கையில் 'வினா தயாரித்தவரின் பிழை' என்று இருக்கிறது. தட்டச்சருக்கு அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். தலைவர் பதவி எங்கள் பள்ளி இயற்பியல்காரருக்குப் போகிறது. ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. 'ஒண்ணேகால் சார்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள், ஆனால் எனக்குக் கேட்கிற தூரத்தில்.

உங்கள் தலைமையாசிரியைக்கும் எழுதினேன். காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேச அனுமதி கேட்டேன். "ஒரு ஆசிரியர் பிள்ளைங்க முன்னாடி இப்படி நின்னா மத்த ஆசிரியர்களுக்கு என்ன மரியாதை?" என்று போனில் கேட்டார்கள். அந்தப் பெண்ணை நிறுத்தியபோது அவளுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் என்றேன். பிறகு, அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னவர்களில் தானும் ஒருத்திதான் என்றார்கள். வரும் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அவளிடம் இப்போதே சொல்லிவிடு. மேடையில் என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். வீட்டுக்கு வரலாமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன்


மார்ச் 29

அன்புள்ள அண்ணா,

கூட்டம் முடிந்ததும் ஏன் அப்படியே பஸ் ஏறினாய்? நான் கேட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நீ என்னைத் தாண்டித்தான் போனாய். கூப்பிடலாமென்று வாயைத் திறந்தேன், உன் சட்டை முதுகு முழுக்க வியர்த்து ஒட்டியிருந்தது, கூப்பிட முடியவில்லை. வீட்டில் மூன்று தட்டு எடுத்து வைத்திருந்தேன்.

நீ பேசியதெல்லாம் கேட்டேன். கையில் தாளை வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமலே பேசினாய். "நான் எழுதிய கேள்வி தப்பு. தப்பென்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அதைத் தப்பென்று எழுதிய பெண்ணை மன்னிப்புக் கேட்கச் சொன்னதும் நான்தான்" என்றாய். 'நான்தான்' என்ற இடத்தில் உன் குரல் கம்மியபோது பின்வரிசைப் பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். உனக்குக் கேட்டிருக்கும். உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அவள் சிரிக்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். உனக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள் அண்ணா.

முந்தின வெள்ளிக்கிழமையே அவளிடம் சொல்லிவிட்டேன். நம்பவில்லை. உன் கடிதத்தைக் கேட்டாள், கொடுத்தேன். கோசீகண்டை மாற்றிய கதையைப் படித்துவிட்டு, "ஐயோ, எண்ணைத் திருப்பிப் போடலையா?" என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்த ஒரு நிமிடம் அவளுக்குக் கோபமில்லை, யாரோ வழுக்கி விழுந்ததைப் பார்த்த மாதிரி உச்சுக்கொட்டினாள். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். முகம் மாறிவிட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் கேட்டேன், "மாமா மேல இன்னும் கோவமாடி?" என்று. யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"கேள்வியைத் தப்பாப் போட்டதுக்கு இல்லம்மா. ஆனா அந்த மன்னிப்பை எழுதும்போது, மாமாவே எழுதச் சொல்றாரே, அப்ப எனக்குத்தான் தெரியலையோன்னு நினைச்சேன். எங்கயோ ஒரு இடத்துல ஒண்ணை விடப் பெரிய சைன் இருக்கும்போல, எனக்குத்தான் சொல்லித் தரலன்னு நினைச்சேன். அன்னைக்கு ராத்திரி புஸ்தகத்துல தேடினேம்மா."

அவள் தேடியிருக்கிறாள் அண்ணா. இல்லாத ஒன்றைத் தேடியிருக்கிறாள். நான் அதே வீட்டில், அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று பலமுறை பேனாவை மூடி வைத்தேன். எழுதாமல் விட்டால் நானும் உன்னை மாதிரி அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்ததாக ஆகும். அதனால் எழுதுகிறேன். நம் இரண்டு பேருக்கும் இது இருக்கட்டும்.

அவள் மதிப்பெண்ணைத் திருத்திவிட்டார்கள். 'திமிர்' என்று எழுதிய ஆசிரியர் அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். நேற்று படிவத்தைத் திரும்ப வாங்கிக் கணிதப் பிரிவு என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மாமாவுக்காக இல்லை என்று உனக்கு எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

அவள் உனக்குப் பதில் எழுதுவாளா என்று தெரியவில்லை. நேற்று மாலை எழுத உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டாள். தாள் மேசையிலேயே கிடந்தது. அவளைக் கேட்டேன், "அனுப்பட்டுமா?" என்று. "அனுப்பு, எனக்கென்ன" என்றாள். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அதில் 'அன்புள்ள மாமா' என்று மட்டும்தான் இருக்கிறது. 'அன்புள்ள' என்பதை அடித்திருக்கிறாள். 'மாமா'வை அடிக்கவில்லை.

சின்னவள்